பெல்ஃபாஸ்டில் ஒரு மே தினம்: துறைமுகம், ஆலை, சுவர்

புதன்

லிவர்பூலுக்கு எதிர்க்கரையான பர்கன்ஹெட்டில் இரவுக் கப்பல் ஏறினால் எட்டு மணி நேரத்தில் பெல்ஃபாஸ்ட். விமானம் சீக்கிரம் போகும், காசும் மிச்சம் என்றாள் மகள். ஆனால் 1907 ஜனவரியில் லிவர்பூல் துறைமுகத் தொழிலாளி ஜேம்ஸ் லார்கின் சங்கம் கட்ட வந்து இறங்கிய ஊர் இது. கடல் வழியாகவே போவது என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

வட அயர்லாந்தின் கதை நம்மில் பலருக்கும் மேலோட்டமாகத் தெரியும். பிரிட்டனோடு இருக்க நினைக்கும் புராட்டஸ்டன்டுகள், அயர்லாந்தோடு சேர நினைக்கும் கத்தோலிக்கர்கள், 1960களின் கடைசியில் தொடங்கி முப்பது வருஷச் சண்டை, சுமார் 3,500 சாவு, 1998இல் புனித வெள்ளி ஒப்பந்தம். இதே ஊரில் இந்த இரண்டு தரப்பும் ஒரே சங்கத்தின் பின்னால் நின்ற நாட்களும் உண்டு. போக்குவரத்துத் தொழிற்சங்கத்தில் காலம் கழித்தவன் நான். அந்த நாட்கள் எப்படி வந்தன, ஏன் நிலைக்கவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்.

கப்பலடியிலிருந்து நேராக செய்லர்டவுனுக்குப் போனேன். துறைமுகத் தொழிலாளர்களின் குடியிருப்பு இது. இப்போது பாதிக்கு மேல் இல்லை. 1960களின் கடைசியில் நெடுஞ்சாலைக்காகத் தெருத்தெருவாக இடித்துவிட்டார்கள். தலைக்கு மேல் பாலத்தில் லாரிகள் ஓடுகின்றன, கீழே செயின்ட் ஜோசப் தேவாலயம் இன்னும் நிற்கிறது.

1907இல் இந்தத் துறைமுகத்தில் வேலையே மதவாரியாகப் பிரிந்து கிடந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து போகும் கப்பல்களில் ஓரளவு நிரந்தர வேலை, அதில் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள். வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் அன்றாடக் கூலி, அதில் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். அன்றாடக் கூலி என்றால், காலையில் மேஸ்திரி கண்ணில் பட்டவனுக்கு வேலை, படாதவனுக்கு அன்று அடுப்பு எரியாது. லார்கின் லிவர்பூல் அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவர் பேச்சைக் கேட்டுப் புராட்டஸ்டன்ட் தொழிலாளிகளும் சங்கத்தில் சேர்ந்தார்கள் என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி.

மே மாதம் பெல்ஃபாஸ்ட் ஸ்டீம்ஷிப் கம்பெனியில் மோதல் வெடித்தது. அதன் தலைவர் தாமஸ் கல்லஹர், யார்க் தெருவில் பெரிய புகையிலை ஆலையும் வைத்திருந்தவர். லார்கின் கூட்டத்துக்குப் போனார்கள் என்று ஆலையில் ஏழு பெண்களை வேலையைவிட்டு நீக்கினார். ஆயிரம் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அவர்களுக்கு நிவாரணம் கொடுக்கச் சங்கத்திடம் பணமில்லை, சீக்கிரமே உள்ளே திரும்ப வேண்டியதாயிற்று. அப்புறம் நிலக்கரி இறக்குபவர்கள், வண்டிக்காரர்கள் என்று ஒவ்வொரு பிரிவாகச் சேர, ஜூலையில் ஊரே நின்றுபோனது. ஜூலை 12 புராட்டஸ்டன்டுகளின் ஆரஞ்சு ஊர்வல நாள். மத உணர்வு கொதிக்கும் அந்த நேரத்தில், தன் மதம்தான் தடை என்றால் தலைமையிலிருந்து விலகி நிற்கவும் தயார் என்று லார்கின் முன்வந்தார். முதலாளிகள் எதிர்பார்த்த கலவரம் அந்த ஜூலை 12இல் வரவில்லை.

ஜூலை கடைசியில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. கருங்காலி ஓட்டிய வண்டிக்குக் காவலாக அவன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று வில்லியம் பாரெட் என்ற கான்ஸ்டபிள் மறுத்துவிட்டார். அவர் பின்னால் நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் கூடி, தங்களுக்கும் சம்பளம் போதவில்லை என்று குரல் கொடுத்தார்கள். பாரெட்டுக்கு வேலை போனது. இருநூறுக்கும் மேற்பட்டவர்களை வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். அந்த இடத்தில் ராணுவம் இறங்கியது. ஆகஸ்டில் கத்தோலிக்கர்கள் வாழும் ஃபால்ஸ் பகுதியில் ராணுவம் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். கவனியுங்கள்: துறைமுகத் தகராறு துறைமுகத்தில் தீரவில்லை, துப்பாக்கி போய் நின்றது ஒரு மதத்தார் வாழும் தெருவில். மறுநாளிலிருந்து பேச்சு கூலியைப் பற்றி இல்லை, மதத்தைப் பற்றி. வண்டிக்காரர்கள் கொஞ்சம் கூலி உயர்வு பெற்றார்கள், துறைமுகத் தொழிலாளிகள் தோற்றுத் திரும்பினார்கள்.

வியாழன்

இன்று மே 1. ஆனால் இங்கே பேரணி சனிக்கிழமைதான். காலையில் நகர மன்றக் கட்டிடத்துக்குப் போனேன். உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் ஒன்று 1907 வேலைநிறுத்தத்துக்கு, நூற்றாண்டை ஒட்டி 2007இல் வைத்தது. கத்தோலிக்கராகவோ புராட்டஸ்டன்டாகவோ அல்ல, பெல்ஃபாஸ்ட் தொழிலாளிகளாக நில்லுங்கள் என்ற அன்றைய அறைகூவல் அதில் இருக்கிறது. ராஜாக்களுக்கும் ராணுவப் படைகளுக்கும் வைத்த கண்ணாடிகளின் வரிசையில் கூலிக்காரர்களுக்கு ஒன்று. நான் நின்ற நேரத்தில் வெயில் அடித்தது. சிவப்பும் மஞ்சளும் தரையில் விழுந்தன. பள்ளிப் பிள்ளைகள் அதை மிதித்துக்கொண்டு ஓடினார்கள்.

வெளியே தோட்டத்தில் வினிஃப்ரெட் கார்னியின் சிலை. 2024 மகளிர் தினத்தில் திறந்தார்கள். கார்னி கத்தோலிக்கர், லினன் (ஆளிநார்த் துணி) ஆலைப் பெண்களின் சங்கச் செயலாளர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 டப்ளின் எழுச்சியில் தட்டச்சுப் பொறியோடும் துப்பாக்கியோடும், சோசலிஸ்ட் தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் கானலியின் பக்கத்தில் இருந்தவர். அவர் 1928இல் கல்யாணம் செய்துகொண்டது ஜார்ஜ் மெக்பிரைடை. அவர் புராட்டஸ்டன்ட், அல்ஸ்டர் தன்னார்வப் படையில் சேர்ந்து முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டை போட்டவர். 1916இல் இருவரும் எதிரெதிர்ப் படை. சோசலிசம்தான் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தது. இந்தக் கல்யாணத்தை இரண்டு பக்கத்து உறவுகளும் லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. சாகும்வரை இரண்டு பேரும் தங்கள் அரசியலை விடவும் இல்லை.

மத்தியானம் ஃபால்ஸ் ரோட்டில் கானலி நினைவு மையம். 1910க்குப் பிறகு சில வருஷம் இந்தச் சாலையில்தான் அவர் குடும்பத்தோடு குடியிருந்தார். இந்த ஊர் அன்று உலகின் லினன் தலைநகரம். ஆளிநாரை ஈரமாக வைத்து நூற்க வேண்டும் என்பதால் நூற்பு அறையில் எப்போதும் வெக்கையும் நீராவியும், தரையெல்லாம் தண்ணீர். பெண்களும் சிறுமிகளும் வெறுங்காலோடு நின்று வேலை பார்ப்பார்கள். 1911இல் ஒரு புது விதி வந்தது: வேலை நேரத்தில் பேசினால், சிரித்தால், பாடினால் அபராதம்.

பெண்கள் வெளிநடப்பு செய்தார்கள். கையில் பணமில்லை, நீடித்து நிற்க முடியாது என்று கானலிக்குத் தெரியும். அவர் சொன்ன யோசனையைப் படித்து அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சேர்ந்து உள்ளே போங்கள். ஒருத்தியைப் பாடினாள் என்று கண்டித்தால் அத்தனை பேரும் பாடுங்கள். ஒருத்தியைச் சிரித்ததற்காக வெளியே அனுப்பினால் அத்தனை பேரும் எழுந்து வெளியே வாருங்கள். பெண்கள் அப்படியே செய்தார்கள். அந்த விதியை அமல்படுத்த முடியவில்லை. பல வாயிற்கூட்டங்களில் நின்றிருக்கிறேன், தோற்ற போராட்டத்திலிருந்து தலை நிமிர்ந்து திரும்பும் வழியை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கானலிக்கு முன்பே பெல்ஃபாஸ்டில் தொழிலாளர் தலைவராக வளர்ந்தவர் வில்லியம் வாக்கர். திறமையான தச்சர், பெண் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்க்க உழைத்தவர். 1905 இடைத்தேர்தலில் நின்றபோது ஒரு புராட்டஸ்டன்ட் அமைப்பு அவரிடம் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தது. கத்தோலிக்கர்களுக்கு எதிரான கேள்விகள். ஓட்டுக்காக அதற்கு அவர்கள் கேட்ட பதிலையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கத்தோலிக்க ஓட்டும் போயிற்று, தேர்தலும் போயிற்று. சோறு, கூலி, வீடு இவற்றைப் பேசினால் போதும், மதத்தை அவரவர் வழக்கப்படி விட்டுவிடலாம் என்ற கணக்கு அன்றே பொய்த்தது. இந்த ஊரில் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

வெள்ளி

ஃபால்ஸுக்கும் புராட்டஸ்டன்டுகள் வாழும் ஷாங்கிலுக்கும் நடுவே கூப்பர் வே சுவர். கீழே கான்கிரீட், அதற்கு மேல் இரும்புத் தகடு, அதற்கும் மேல் கம்பிவலை. 1969இல் தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கியது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இத்தனை வருஷம் ஆகியும் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் பேனாவால் சமாதான வாசகம் எழுதிவிட்டுப் போகிறார்கள். சுவரை ஒட்டிய வீடுகளின் பின்முற்றத்துக்கு மேலே, கல் வந்து விழாமலிருக்கக் கூண்டு மாதிரி கம்பிவலை போட்டிருக்கிறார்கள். அதற்கு உள்ளே துணி காய்கிறது.

லானார்க் வேயில் வண்டி போகும் இரும்புக் கதவு இருக்கிறது. இரவில் பூட்டிவிடுகிறார்கள். 2021 ஏப்ரலில் இந்தக் கதவின் இரண்டு பக்கமும் இளைஞர்கள் பெட்ரோல் குண்டு வீசினார்கள். பக்கத்தில் ஒரு நகரப் பேருந்தை எரித்தார்கள். ஓட்டுநர்கள் சங்கமாகக் கூடிக் கண்டித்தார்கள். பேருந்து எரிந்தால் ஓட்டுநருக்கு என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஓட்டுநர் அறையில் எல்லா மதத்தாரும் ஒரே பலகையில் டியூட்டி சீட்டு பார்க்கிறார்கள் என்று ஷாங்கில் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் சொன்னார். "எரிக்கிறவனுக்கு உள்ளே இருக்கிறது யார் என்ற கவலை இல்லை, எங்களுக்கு இருக்கிறது" என்றார்.

1932 அக்டோபர் கதை இந்த இரண்டு சாலைகளுடையது. வேலையில்லாதவர்களுக்கு அன்று நிவாரண வேலை உண்டு: ரோடு போடுவது, மண் வெட்டுவது. குழந்தை இல்லாத தம்பதிக்கு வாரம் 8 ஷில்லிங். தனி ஆளுக்கு எதுவும் கிடையாது. நிவாரணத்தை நிர்வகித்த வாரியம், கேட்டு வருகிறவர்களைப் பிச்சைக்காரர்களாகத்தான் பார்த்தது. புரட்சிகரத் தொழிலாளர் குழு என்ற சிறிய கம்யூனிஸ்ட் அமைப்பு, டாமி கீகன் தலைமையில் அவர்களைத் திரட்டியது. அக்டோபர் 3 அன்று வேலைநிறுத்தம், அன்று மாலையே பல்லாயிரம் பேர் ஊர்வலம். பேண்டு வாத்தியக்காரர்களுக்கு ஒரு சங்கடம். தெரிந்த பாட்டெல்லாம் ஒன்று இந்த மதத்தாருடையது, இல்லை அந்த மதத்தாருடையது. கடைசியில் வாழைப்பழம் இல்லை என்று வரும் ஒரு வேடிக்கைப் பாட்டை வாசித்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

11ஆம் தேதி ஊர்வலத்துக்குத் தடை. ஃபால்ஸில் போலீஸ் துப்பாக்கியை எடுத்தது. செய்தி பரவியதும் ஷாங்கிலிலும் மக்கள் தெருவுக்கு வந்து போலீஸோடு மோதினார்கள். துப்பாக்கிச்சூட்டில் இறந்த இருவரில் ஒருவர் புராட்டஸ்டன்ட், ஒருவர் கத்தோலிக்கர். சில நாளிலேயே அரசு இறங்கிவந்தது. தம்பதிக்கு 8 ஷில்லிங் 20 ஆனது. அதாவது வென்றார்கள்! மூன்றே வருஷத்தில், 1935 ஜூலையில், இதே ஊரில் மதக்கலவரம். கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டைவிட்டு ஓட வேண்டி வந்தது.

ஷாங்கிலில் தொழிற்சங்க ஆள் ஒருவரோடு இதைப் பற்றி வெகுநேரம் பேசினேன். வென்ற பிறகு ஏன் உடைந்தது? அவர் சொன்னது: "நிவாரணக் குழு கலைந்ததும் இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் பொதுவாக எதுவும் மிஞ்சவில்லை. தேவாலயம் வேறு, பள்ளி வேறு, மன்றம் வேறு." இன்றைக்கும் இரண்டு மதப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒருங்கிணைந்த பள்ளிகளில் படிப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

ஆனால் பெட்டி சின்க்ளேரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்து லினன் ஆலையில் வேலை பார்த்தவர், 1932 போராட்டத்தில் இருந்தவர். பிறகு பல பத்தாண்டுகள் பெல்ஃபாஸ்ட் தொழிற்சங்கக் கவுன்சிலின் செயலாளர். 1960களில் கத்தோலிக்கர்களுக்கு வீடும் ஓட்டும் மறுக்கப்படுவதை எதிர்த்த குடிமை உரிமைச் சங்கத்தின் முதல் தலைவர்களில் ஒருவர். வாக்கர் தவிர்த்ததை இவர் தவிர்க்கவில்லை. அநியாயம் எந்த மதத்துக்காரருக்கு நடந்தாலும் அது தொழிற்சங்கத்தின் வேலைதான் என்று எடுத்துக்கொண்டார். பெரிய போராட்டங்களைவிட, கடிதம் எழுதி, கூட்டம் கூட்டி, சந்தா வசூலித்து இவர் மாதிரி ஆட்கள் ஓட்டிய அந்த நீண்ட வருஷங்கள்தான் எனக்கு இந்த ஊரில் பெரிதாகத் தெரிகிறது.

சனி

மே தினப் பேரணி. தூறலோடு தொடங்கி வெயிலில் முடிந்தது. தையல் வேலைப்பாடு கொண்ட பெரிய சங்கக் கொடிகள், நான்கு பேர் பிடிக்க வேண்டியவை. தீயணைப்புத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், பேருந்துக்காரர்கள்.

என்னை அழைத்துப்போன தங்கை நாகர்கோவில் பக்கம். இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ், சங்கக் கிளையில் உறுப்பினர். "அண்ணே, ஊர்ல நான் ஒரு கொடியும் பிடிச்சதில்ல. இங்க வந்துதான் மறியல்ல நின்னேன்" என்றாள். அவள் சொல்வது 2024 ஜனவரி 18. வட அயர்லாந்தின் ஸ்டோர்மாண்ட் சட்டமன்றம் முடங்கிக் கிடக்க, சம்பள உயர்வும் அதோடு நின்றுபோனது. 16 சங்கங்கள், ஒன்றரை லட்சம் பேர் வரை ஒரே நாளில் வேலைநிறுத்தம். எலும்பை நடுக்கும் குளிரில் விடியற்காலை மறியல், அப்புறம் நகர மன்றத்துக்கு ஊர்வலம். அதற்கு முன் 2019 டிசம்பரிலும் செவிலியர்கள் நின்றிருந்தார்கள். ராயல் நர்சிங் கல்லூரி என்ற அவர்கள் சங்கத்தின் 103 வருஷ வரலாற்றில் முதல் வேலைநிறுத்தம் அதுதான்.

"மறியல்ல யாரும் உன் மதம் என்னன்னு கேக்கல. ஆனா அந்த ஆகஸ்டுல நான் ஒரு வாரம் தனியா வெளியே போகல" என்றாள். 2024 ஆகஸ்டு 3 அன்று குடியேறிகளுக்கு எதிரான கும்பல் இதே நகரில் கடைகளை அடித்து எரித்தது. பிரிட்டிஷ் கொடி பிடித்தவர்களோடு டப்ளினிலிருந்து அயர்லாந்துக் கொடி பிடித்தவர்களும் வந்து நின்றார்கள். நூறு வருஷம் சேராத இரண்டு கொடியும் நம்மைப் போன்றவர்களை விரட்டச் சேர்ந்தன. இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒரு வாரம் கழித்து, 10ஆம் தேதி, தொழிற்சங்கங்களும் இனவெறி எதிர்ப்பு அமைப்புகளும் கூட்டிய பேரணிக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கிளைத் தோழிகள் இரண்டு பேர் வீட்டு வாசலுக்கு வந்து இவளை அழைத்துப் போயிருக்கிறார்கள். ஒருத்தி ஷாங்கில், இன்னொருத்தி ஃபால்ஸ்.

பேரணியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எங்களோடு நடந்தார். 2002 ஜனவரியில் இருபது வயதுக் கத்தோலிக்கத் தபால் ஊழியர் ஒருவர் விடியற்காலை வேலைக்கு வந்த இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு மதத் தபால்காரர்களும் பையைக் கீழே வைத்துவிட்டார்கள். 18ஆம் தேதி வட அயர்லாந்து முழுக்கத் தொழிற்சங்கப் பேரணிகள் நடந்தன. "அன்றைக்குச் சம்பளம் கேட்டுப் போகவில்லை. எங்களில் யாரையும் தொடாதே என்று சொல்லப் போனோம்" என்றார் அவர்.

ஞாயிறு

ஆற்றுக்குக் கிழக்கே ஹார்லண்ட் அண்ட் வூல்ஃப் கப்பல்தளம். டைட்டானிக் கட்டிய இடம். அதற்குப் பிரம்மாண்டமான அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், நான் உள்ளே போகவில்லை. சாம்சன், கோலியாத் என்ற இரண்டு மஞ்சள் கிரேன்களை ஊரின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். சாம்சனின் உயரம் 106 மீட்டர்.

1919 ஜனவரியில் இங்கேயும் மற்றப் பொறியியல் ஆலைகளிலும் வாரம் 44 மணி நேர வேலை கேட்டுப் பல்லாயிரம் பேர் நின்றார்கள். கரண்டும் கேஸும் சங்கம் அனுமதித்தால்தான். பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள், போராட்டக் குழுவின் தலைவர் சார்ல்ஸ் மெக்கே கத்தோலிக்கர். அடுத்த வருஷம், 1920 ஜூலையில், இதே தளத்திலிருந்து கத்தோலிக்கத் தொழிலாளர்களை அடித்து விரட்டினார்கள். சிலர் ஆற்றில் குதித்து நீந்தித் தப்பினார்கள். அவர்களோடு புராட்டஸ்டன்ட் சோசலிஸ்டுகளையும் சங்கக்காரர்களையும் 'அழுகிய புராட்டஸ்டன்ட்' என்று பட்டம் கட்டித் துரத்தினார்கள். கத்தோலிக்கரை மட்டும் துரத்தியிருந்தால் அதை வெறும் மதவெறி என்று சொல்லிவிடலாம். 44 மணி நேரம் கேட்டவர்களையும் சேர்த்துத் துரத்தியதில், அந்தக் கலவரம் யாருக்கு லாபம் என்பது தெரிந்துவிடுகிறது.

2019 ஜூலை கடைசியில் கம்பெனி திவாலாகும் என்றானதும், மிஞ்சியிருந்த நூற்றுச் சொச்சம் தொழிலாளர்கள் வாயிலைக் கைப்பற்றினார்கள். தளத்தை அரசுடைமையாக்கு என்பது கோரிக்கை. ஒன்பது வாரம், இரவும் பகலும் முறைவைத்துக் காவல். அக்டோபரில் ஒரு கம்பெனி வாங்கியது, வேலை தப்பியது. 2024இல் அந்தக் கம்பெனியும் திவால், பிறகு ஸ்பெயின் அரசின் நவான்டியா வாங்கியிருக்கிறது. பிரிட்டிஷ் அரசு எடுத்து நடத்த முடியாது என்று சொன்ன தளத்தை இன்னொரு நாட்டின் அரசுக் கம்பெனி நடத்துகிறது.

மாலையில் தங்கையின் வீட்டில் சாப்பாடு. தேங்காய் அரைத்த மீன் குழம்பு. செவ்வாய்க்கிழமை அவள் கிளையில் கூட்டம், நிகழ்ச்சி நிரலைக் காட்டினாள். முதல் பொருள் சம்பளப் பேச்சுவார்த்தை. இரண்டாவது, இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாகப் போகும் கேரள, பிலிப்பைன்ஸ், தமிழ் நர்ஸ்களை வீடுவரை கொண்டுவிட உள்ளூர் உறுப்பினர்களின் பட்டியல். எந்தத் தெருவுக்கு யார் காரில் போவது என்று இரண்டு சாலைக்காரர்களும் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளப் போகிறார்கள். "ரெண்டுமே ஒரே கூட்டத்துலயா வைக்கணும்னு ஒருத்தர் கேட்டாரு அண்ணே. ஒரே கூட்டத்துலதான்னு ஓட்டெடுத்து முடிவு பண்ணிட்டோம்" என்றாள்.